மான் வேட்டை அம்புக்கு அலுமினியமே!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சபையோரே, வணக்கம்.

'மான் வேட்டை அம்புக்கு ஏற்ற தண்டு அலுமினியமா, கார்பனா?' என்பது இன்றைய தலைப்பு. கார்பன் என்றால் இங்கே கார்பன் நாரால் செய்த தண்டு. உரிமமும் பருவமும் வகுத்து வேட்டையை அனுமதிக்கும் இடங்களைப் பற்றித்தான் பேச்சு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அலுமினியத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கார்பனுக்கு மூன்று பெருமைகளைச் சொன்னார்: எடை குறைவு, வேகம் அதிகம், வளைந்து கோணலாகிப் போகாது. மூன்றும் உண்மைதான். ஆனால் அவை மானிடம் செல்லுபடியாகுமா?

வேகத்தை எடுத்துக்கொள்வோம். அவர் அதிகம் கைதட்டல் வாங்கியது அங்கேதான். ஒரே வில், 20 மீட்டர் தூரத்தில் மான். கார்பன் அம்பு விநாடிக்கு 88 மீட்டர், அதைவிடக் கனமான அலுமினிய அம்பு 77 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் போய்ச் சேர 0.23 விநாடி, அலுமினியம் போய்ச் சேர 0.26 விநாடி. இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குக்காகத்தான்! இப்போது நாணின் சத்தத்தையும் கணக்கில் சேருங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதாவது 0.06 விநாடியில் மானின் காதுக்கு எட்டிவிடும். எந்தத் தண்டாக இருந்தாலும் சத்தத்திடம் தோற்றுத்தான் ஆகவேண்டும். சத்தம் கேட்டதும் மான் என்ன செய்யும்? பாய்வதற்காகக் கால்களை மடக்கி, உடம்பைச் சட்டென்று தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே பறந்துபோவது இப்படித்தான்.

ஆக, இந்தத் தூரத்தில் வேட்டைக்காரர் கவலைப்பட வேண்டியது வேகத்தைவிடச் சத்தத்தைப் பற்றி. இலேசான அம்பு வில்லின் ஆற்றலை முழுசாக வாங்கிக்கொள்ளாது. மிச்சம் வில்லிலேயே நின்று அதிர்வாகவும் சத்தமாகவும் வெளியே வரும். கனமான அம்பு கூடுதலாக வாங்கிக்கொள்ளும், வில் அடங்கிப் பேசும்.

எவ்வளவு கனம் என்று கேட்பீர்கள். வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஓர் அலுமினியத் தண்டின்மேல் 2216 என்று அச்சடித்திருக்கும். அந்த எண்ணே தண்டின் ஜாதகம். முதல் இரண்டு இலக்கம் விட்டம்: அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 22 பங்கு. அடுத்த இரண்டு சுவரின் தடிமன்: அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. அங்குலத்துக்குச் சுமார் 12 கிரெய்ன் எடை (அம்பு எடையை அளக்கும் அலகு; ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்). 28 அங்குலத் தண்டு 336 கிரெய்ன் வரும். அங்குலத்துக்கு 8 கிரெய்ன் உள்ள கார்பன் தண்டு அதே நீளத்தில் 224 தான். வித்தியாசம் 112 கிரெய்ன், கிராமில் ஏழுக்குச் சற்று மேல். ஏழு கிராம்தானே என்று சிரிக்காதீர்கள். பலரும் மாட்டுகிற வேட்டை முனையே 100 கிரெய்ன்தான்.

"கார்பனிலும் முன்பக்கம் முனையை மாட்டும் செருகியைப் பித்தளையில் வைத்து எடை ஏற்றலாமே" என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. ஏற்றலாம். ஏற்றினால் நீங்கள் கொண்டாடிய வேகம் போய்விடும். அதோடு முன்பக்கம் எடை கூடக் கூட, நாணை விட்டதும் தண்டு கூடுதலாக நெளியும். அதனால் இன்னும் விறைப்பான, அதாவது வேறு ஸ்பைன் (விறைப்பு அளவு) உள்ள தண்டைத் தேட வேண்டும். அலுமினியத்தில் இருக்கும் எடைக்காக இத்தனை சுற்றா?

சரி, வளையாத பெருமைக்கு வருகிறேன். அலுமினியம் வளையும். பலகையில் குத்திய அம்பைக் கோணலாகப் பிடுங்கினாலே போதும். அடிபட்ட மான் அம்பின்மேல் புரண்டால் அந்தத் தண்டுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைந்தது கண்ணுக்குத் தெரியும். முனையைப் பலகைமேல் ஊன்றி, தண்டை விரல்களால் சுண்டிச் சுழற்றிப் பாருங்கள். நேராக இருந்தால் ஆடாமல் நின்று சுற்றும், கோணலாக இருந்தால் தடுமாறும். கொஞ்சம் வளைந்ததை நிமிர்த்துவதற்கென்றே உருளையும் அளவுமானியும் பொருத்திய கருவி உண்டு. அதிகம் வளைந்ததைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கார்பன் வளைந்தபடியே நிற்காது, விரிசல் விடும். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் தண்டுக்குள் விரிசல் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் கார்பன் தண்டை எய்வதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சோதிக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். இரு முனையையும் பிடித்து மெதுவாக வளைக்க வேண்டும், கால் சுற்று திருப்பி மறுபடி வளைக்க வேண்டும், முறுக்கிப் பார்க்க வேண்டும், நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் தண்டு விடுபடும் நேரத்தில் சிதறி, வில் பிடித்த கையிலேயே ஏறக்கூடும். விடியற்காலை அரையிருட்டில், குளிரில் விறைத்த விரல்களோடு, மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் செய்வாரா? நடுவரே சொல்லட்டும்.

அப்புறம் இறைச்சி. மானுக்குள் கார்பன் தண்டு முறிந்தால் மெல்லிய நார்கள் காயத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். அந்தப் பகுதி இறைச்சியை அறுத்து எறிய வேண்டியதுதான். அலுமினியமும் முறியும், மறுக்கவில்லை. ஆனால் முறிந்த துண்டு கையில் அகப்படும்.

மரத்தண்டு எங்கே என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். மரபு வில்லுக்கு அது அழகு. ஆனால் ஈரத்தில் கோணும், ஒரு டஜனுக்கு எடையும் விறைப்பும் பொருத்தித் தேர்ந்தெடுப்பதற்குள் பருவமே முடிந்துவிடும். கப்பிகள் பூட்டிய நவீன காம்பவுண்ட் வில்லில் அதை வைக்கவே கூடாது. இந்தக் குறைகளைத் தீர்க்க வந்ததுதான் அலுமினியம். 1941-லேயே லாரி ஹியூஸ் என்ற வில்வீரர் அலுமினிய அம்புகளால் அமெரிக்கத் தேசிய வில்வித்தைப் பட்டம் வென்றார். இழுவிசை குறைந்த வில் இழுப்பவர்களுக்குக் கார்பன் உதவும், அதையும் விட்டுக்கொடுக்கிறேன். இன்னொன்று கவனியுங்கள்: கார்பன் தண்டுக்கு மேலே அலுமினியத் தோல் போர்த்தி விற்கிறார்கள். கார்பன் அவ்வளவு நிறைவானது என்றால் இந்தப் போர்வை எதற்கு?

மணி அடித்துவிட்டார்கள். கடைசியாக ஒன்று. அலுமினியம், வில்லில் அம்பு கிடக்கும் அம்புதாங்கியில் உரசி 'கிணுங்' என்று ஒலிக்கும், மான் ஓடிவிடும் என்றார் எதிரணித் தலைவர். ஒலிக்கும்தான். தாங்கியில் ஒரு துண்டு கம்பளித் துணியை ஒட்டினால் அடங்கிவிடும். தண்டுக்குள் ஒளிந்திருக்கும் விரிசலுக்கு இவ்வளவு சுலபமான வைத்தியம் ஏதாவது இருந்தால், அடுத்துப் பேச வருகிறவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.