30 விநாடிக் காபி, 30 நிமிட டிகாஷன்

[காட்சி: காலை 7 மணி. கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. கவுன்டரின் மேல் எஸ்பிரெசோ இயந்திரம், பக்கத்தில் கிரைண்டர்.]

சென்ற மாதம் ஒரு பெரியவர் எங்கள் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. சுவரில் இருக்கும் விலைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்து, "இது என்ன விலை இருக்கும் அம்மா?" என்று கேட்டார். சில லட்சங்கள் என்றேன்.

"அப்படியானால் இதில் நல்ல பில்டர் காபி ஒன்று போட்டுக் கொடேன்."

"இதில் முடியாது ஐயா."

"ஏன் முடியாது?"

வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். பதில் சொல்ல நேரமில்லை. ஐயா ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். அவர் கேட்ட அந்த "ஏன்"தான் இந்த வீடியோ.

நான் பாரிஸ்டா. இத்தாலியில் கவுன்டருக்குப் பின்னால் நின்று காபியோ மதுவோ ஊற்றிக் கொடுப்பவருக்கு அந்தப் பெயர். என் அம்மா உறவினர்களிடம், "அவள் காபி போடுகிற வேலைக்குப் போகிறாள்" என்கிறார். இரண்டு பெயரும் எனக்குச் சம்மதம்தான்.

[காட்சி: இயந்திரத்தின் வாயிலிருந்து எலிவால் போல மெலிதாகக் காபி இறங்குகிறது. ஓரத்தில் விநாடி எண்ணிக்கை ஓடுகிறது.]

முதலில் இயந்திரம் செய்வது என்ன என்று பார்ப்போம். கைப்பிடி வைத்த ஒரு கிண்ணத்தில் 18 கிராம் தூள். அதைச் சமமாக அழுத்தி, இயந்திரத்தில் பூட்டுகிறேன். 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர், காற்றழுத்தத்தைப்போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளப்படுகிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அது. 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி கீழே இறங்கியாக வேண்டும். தூள் 18, காபி 36. இரண்டுக்கும் நடுவில் அரை நிமிடம். இப்படி இறங்குவதுதான் எஸ்பிரெசோ.

இந்த அவசரம் இத்தாலியில் பிறந்தது. டூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோந்தோ 1884-இல் நீராவியால் காபி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலானில் லூயிஜி பெட்ஸெரா அதை ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும்படி மாற்றினார். ஆனால் நீராவியின் அழுத்தம் குறைவு, சூடோ அதிகம். காபி தீய்ந்த வாடை அடிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கீலே காஜியா நெம்புகோல் வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கை பலத்தாலும் சுருள்வில்லாலும் அழுத்தம் ஏறியது. காபியின் மேல் முதன்முறையாகப் பொன்னிற நுரை படர்ந்தது. அது என்ன அழுக்கு என்று கேட்டவர்களும் உண்டாம்! இன்று அந்த நுரை இல்லாவிட்டால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

எண்களைப் பார்த்தால் எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடுவதுபோலத் தோன்றும். காலையில் கடை திறக்குமுன் வந்து பாருங்கள். முதல் ஷாட், அதாவது ஒரு தடவை வடித்த காபி, 19 விநாடியில் ஓடிவிடும். வாயில் வைத்தால் புளிப்பு. கிரைண்டரை ஒரு பல் நெருக்கி, இன்னும் நைசாக அரைப்பேன். அடுத்தது 38 விநாடி இழுக்கும். நாக்கின் பின்புறம் கசப்பு ஒட்டிக்கொள்ளும். மறுபடி தளர்த்துவேன். மூன்றாவதோ நான்காவதோதான் வாடிக்கையாளருக்கு. அரைத்த தூளிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பு, அதன்பின் இனிப்பு, கடைசியில் கசப்பு. எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்கள் தொழில். ஐப்பசி மழையில் சரியாக இருந்த அரைப்பு, கத்திரி வெயிலில் சரியாக இருப்பதில்லை. கொட்டையை மாற்றினாலும் அதே கதைதான்.

[காட்சி: வீட்டுச் சமையலறை. எவர்சில்வர் பில்டரின் இரண்டு அடுக்குகள், குடை, மூடி. தனித்தனியாக மேசைமேல்.]

இப்போது எங்கள் வீட்டு இயந்திரத்துக்கு வருவோம். விலை சில நூறு ரூபாய். மின்சாரம் வேண்டாம், அழுத்தம் கிடையாது. மேல் அடுக்கின் அடியில் ஊசித் துளைகள். தூளைப் போட்டு, குடையை வைத்து லேசாக அமுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால் மீதி வேலை புவியீர்ப்பு விசையுடையது. சொட்டு, சொட்டு, சொட்டு. அரை மணி நேரம் ஆகலாம். இரவே ஊற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அரை நிமிடத்தில் கசந்துபோகும் காபி, அரை மணி நேரத்தில் மட்டும் ஏன் பாழாவதில்லை? பெரியவருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒன்று, பில்டர் தூள் எஸ்பிரெசோ தூளைவிடச் சற்றுக் கரகரப்பானது. துகள் பெரிதானால் தண்ணீர் உள்ளே புக நேரம் எடுக்கும். இரண்டு, அடுக்கில் ஊற்றிய தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் ஆறிக்கொண்டே போகிறது. கசப்பை இழுக்கும் வேகமும் அதோடு குறைகிறது. இயந்திரத்திலோ கடைசிச் சொட்டுவரை ஒரே சூடு. மூன்றாவது காரணம் சிக்கரி. இதைப் பற்றிக் கொஞ்சம் பேசித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் பலர் சிக்கரி என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வெட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் துளியும் கிடையாது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்தபோது, காபிக்குத் தட்டுப்பாடு வந்து பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரைப் பெருமளவில் நாடினார்கள். அதனால்தான் இதற்குக் கலப்படம் என்ற கெட்ட பெயர். ஆனால் பில்டருக்குள் இது செய்யும் வேலையைக் கவனியுங்கள். வறுத்த காபித் தூளில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 சதவீதம்தான். சிக்கரியில் அதைவிட மிக அதிகம் கரையும். அதனால் டிகாஷன் கெட்டியாகிறது, கருமை ஏறுகிறது, வெல்லப்பாகு போன்ற ஓர் அடிச்சுவை வருகிறது. பாலை ஊற்றினாலும் காபி தோற்றுப்போகாமல் நிற்பது இந்தக் கெட்டித்தன்மையால்தான். அழுத்தம் இல்லாத பாத்திரத்துக்கு நம்மவர்கள் கண்டுபிடித்துக்கொண்ட துணை என்றே இதை நினைக்கிறேன்.

அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டின் ஓரத்தில் விகிதம் அச்சாகியிருக்கும், வாங்குமுன் படியுங்கள். நூற்றுக்கு இருபதுக்குமேல் போனால் எனக்குக் காபி தெரிவதில்லை, வேர்தான் தெரிகிறது.

[காட்சி: காபித்தூள் கடை. அரவை இயந்திரத்திலிருந்து தூள் காகிதப் பைக்குள் விழுகிறது.]

நான் தூள் வாங்குவது இப்படிப்பட்ட அரவைக் கடையில்தான். "பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபது" என்று சொன்னால் கண்முன்னே அரைத்துக் கொடுப்பார்கள். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் பீபெரி. பிளாண்டேஷன் என்பது பழத்தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபி. "ஏ" என்பது சல்லடையில் நின்ற அளவு. பலர் நினைப்பதுபோல அது தரச் சான்றிதழ் அல்ல. கையில் வாங்கும்போது பை வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வாசனையோடு பஸ் ஏறினால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பையைவிட்டு எவ்வளவு மணம் வெளியே போகிறதோ, டம்ளருக்குள் அவ்வளவு குறைவு.

வீட்டில் டிகாஷன் இறங்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. பெரும்பாலும் துளைகள் அடைத்திருக்கும். என் பாட்டி மேல் அடுக்கின் அடியைச் சிறிது நேரம் அடுப்புத் தீயில் காட்டுவார். உள்ளே சிக்கிய தூள் கருகி உதிர்ந்துவிடும். நான் இன்னும் அதைத்தான் செய்கிறேன். இன்னொன்று: ஆறிப்போன டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். பாலைக் கொதிக்கவைத்துச் சேருங்கள், அந்தச் சூடு போதும்.

[காட்சி: இடது பக்கம் நீராவிக் குழாயின் கீழ் பால் சுழல்கிறது. வலது பக்கம் டம்ளரிலிருந்து டவராவுக்கு ஒரு முழ உயரத்தில் காபி.]

பால் என்றதும் இன்னொரு சண்டை. எங்கள் கடையில் வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "சூடு பற்றவில்லை." தவறு அவர்களுடையது அல்ல. நாங்கள் பாலை 60 முதல் 65 டிகிரியில் நிறுத்திவிடுகிறோம். அந்தச் சூட்டில் பாலின் இனிப்பு நாக்குக்கு நன்றாகத் தெரியும், நுரையும் பட்டுப்போல நிற்கும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாடை வந்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காய்ச்சிய வாடைதானே பில்டர் காபியின் பாதி ருசி! ஒரு பள்ளியில் குற்றம், இன்னொரு பள்ளியில் பாடம்.

நீராவிக் குழாயைப் பாலின் மேல்மட்டத்தில் வைத்தால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்கும். காற்று உள்ளே போகிறது என்று பொருள். சில விநாடிகளில் குழாயைச் சற்று ஆழமாக இறக்கிப் பாலைச் சுழலவிட்டால் பெரிய குமிழிகள் உடைந்து பொடியாகும். ஆற்றுவதும் இதே வேலைதான். உயரத்திலிருந்து விழும் காபி காற்றை இழுத்துக்கொண்டு போகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை எழும்புகிறது, குடிக்கும் பதத்துக்குச் சூடும் இறங்குகிறது. ஒரே கை வீச்சில் நான்கு வேலை. குழாயால் பாலை ஆறவைக்க முடியாது என்பதை மட்டும் அடக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கும்பகோணம் டிகிரி காபியில் அந்த "டிகிரி" எங்கிருந்து வந்தது? தண்ணீர் கலக்காத பாலை, அதன் அடர்த்தியை டிகிரியில் காட்டும் லாக்டோமீட்டரால் அளந்து வாங்கியதால் வந்த பெயர் என்கிறார்கள் சிலர். சிக்கரி என்ற சொல்தான் வாய்வழக்கில் தேய்ந்து டிகிரி ஆனது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு முதல் கதை பிடிக்கும். நெடுஞ்சாலையில் பித்தளை டம்ளரை அடுக்கிவைத்தால் மட்டும் டிகிரி வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: மாலை. தெருமுனை டீக்கடை. பாய்லரின்மேல் துணி வடிகட்டி.]

ஷிஃப்ட் முடிந்ததும் நான் போவது டீக்கடைக்கு. நாள் முழுக்கக் காபி மணத்திலேயே நின்றவளுக்கு அந்த நேரத்தில் டீதான் வேண்டும். இங்கே புழங்குவது டஸ்ட் டீ. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளை இயந்திரம் 1930-களில் அஸ்ஸாமில் வந்தது. துகள் சிறிது, சாறு சீக்கிரம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். டீயின் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்து அடக்கிவிடுகிறது. டீ மாஸ்டர் யாரையும் பெயர் கேட்பதில்லை. ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு லைட், ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களை ஒரே வரிசையில் ஊற்றுகிறார். நான் கோப்பைமேல் பெயர் எழுதியும் தவறு செய்கிறேன்.

காபிக்கும் டீக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கை மலைகளுக்குக் கூலிகளாகச் சென்ற மக்கள் முதலில் போனது காபித் தோட்டங்களுக்குத்தான். 1869-இல் அங்கே இலைத் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பூஞ்சை காபியை அழித்துவிட்டது. அதே சரிவுகளில் தேயிலை நட்டார்கள். பறித்த கைகளும் பட்ட பாடும் மாறவில்லை, கூடையில் விழுந்தது மட்டும் மாறியது.

டீக்கடையில் நிற்கும்போது பெஞ்சில் இருப்பவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள். இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் பார்ப்பார்கள். ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து புத்தகம் படிக்க அந்தப் பெஞ்சில் இடமில்லை. எங்கள் கடையில் 200 ரூபாய் கொடுத்து அவள் வாங்குவது காபியை அல்ல, நாற்காலியை. யார் எங்கே உட்காரலாம் என்ற கேள்வி நம் காபிக் கடைகளோடேயே பிறந்ததுதான். கடைப் பலகைகளில் "பிராமணாள்" என்று எழுதியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1957-இல் பெரியார் அந்தப் பலகைக்கு எதிராகத் திருவல்லிக்கேணியில் போராட்டம் நடத்தினார். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்பது நம் ஊரில் தானாக வந்துவிடவில்லை.

[காட்சி: மீண்டும் கடை. கவுன்டருக்குக் கீழே ஓர் எவர்சில்வர் பில்டர்.]

பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். வெளியே மழை, கடையில் கூட்டமில்லை. பணியாளர்களுக்காக நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் பில்டரில் காலை டிகாஷன் மிச்சம் இருந்தது. நீராவிக் குழாயைப் பாலுக்குள் வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டேன். ஜாடியைக் கையால் தொட முடியவில்லை. அந்தச் சூட்டில் கலந்து, இரண்டு கோப்பைகளுக்கு நடுவே நான்குமுறை ஆற்றிக் கொடுத்தேன்.

குடித்துமுடித்து, எவ்வளவு என்று கேட்டார். எங்கள் பில் இயந்திரத்தில் பில்டர் காபி என்று ஒரு பொத்தான் இல்லை. அதனால் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "பால் நன்றாக இருந்தது அம்மா. நாளைக்குத் தூளை நான் கொண்டுவருகிறேன்" என்றார்.