பிள்ளை எந்தச் சங்கத்துக்காக ஆடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். காசிமேடு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று நம் பக்கத்தில் பிள்ளைகளை பாக்சிங்குக்கும் கேரமுக்கும் அனுப்பும் பெற்றோருக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிள்ளையின் ஆட்டம் உங்களுக்கு அத்துப்படி. அந்த ஆட்டத்தை நடத்தும் சங்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளப்புகள் சேர்ந்து மாவட்டச் சங்கம், மாவட்டங்கள் சேர்ந்து மாநிலச் சங்கம், மாநிலங்கள் சேர்ந்து தேசியக் கூட்டமைப்பு. பெரும்பாலான விளையாட்டுகளில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் இந்த வழியாகத்தான் மேலே போகிறது. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கூட்டமைப்பு அரசுத் துறை அல்ல, பதிவு செய்த சங்கம். கிரிக்கெட் வாரியமே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருப்பதுதான்.

கிரிக்கெட்டுக்கு டிவி உரிமைப் பணம் கொட்டுகிறது. மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தை நம்பியிருக்கின்றன. பயிற்சி முகாம், வெளிநாட்டுப் பயணம், தேசியப் போட்டி ஆகியவற்றுக்கு அது நிதி தருகிறது. ஹாக்கிக்கு 2018 முதல் ஒடிசா அரசே ஸ்பான்சர். ஆனால் இந்தப் பணம் மாவட்டம் வரை இறங்கி வருவது அரிது. அங்கே என்ட்ரி ஃபீஸும் உள்ளூர் நன்கொடையும்தான். கிளவுஸும் ரயில் டிக்கெட்டும் உங்கள் தலையில்.

புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. மனம் நிறைந்த செய்தி. ஆனால் கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. அதனால் நிதி என்று வரும்போது பின்வரிசையில்தான் நிற்கிறது. இன்று நம் தெருவில் ஆடும் பெண்ணுக்கு நல்ல போர்டு இப்போதே வேண்டும், ஜெயித்த பிறகு அல்ல.

சங்கம் சரியில்லை என்றால் அடி வாங்குவது பிள்ளைகள். தேர்தலில் முறைகேடு என்ற சந்தேகத்தால் 2012 டிசம்பரில் இந்திய குத்துச்சண்டைக் கூட்டமைப்பை சர்வதேசச் சங்கம் இடைநீக்கம் செய்தது. அப்புறம் வந்த புதிய அமைப்பும் நிலைக்கவில்லை. இப்போதிருக்கும் கூட்டமைப்பு 2016-ல்தான் பிறந்தது. ஒரு பாக்சருக்கு அந்த நான்கு வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி தேசியக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. அதில் குறைந்தது 4 பெண்கள், 2 சிறந்த விளையாட்டு வீரர்கள் இருக்க வேண்டும். அரசு நிதி வாங்கும் அமைப்பிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கணக்குக் கேட்கலாம்.

ஆகவே என்ட்ரி ஃபீஸ் கட்டும் முன், போட்டியை நடத்துவது யார், மாநிலச் சங்கத்தில் இணைந்த அமைப்பா என்று கேளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல சங்கங்கள் உலவுகின்றன. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரமில்லாத சான்றிதழைக் கொண்டுபோனால் அங்கே செல்லாது. உங்கள் கிளப் மாவட்டச் சங்கத்தில் உறுப்பினரா என்று இந்த வாரமே கோச்சிடம் விசாரியுங்கள். உறுப்பினர் என்றால், அந்தச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு கிளப் சார்பில் யார் போகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.