மே மாதம் வரை கத்தரிக்கன்றுக்கு வெளியே வேலையில்லை

வணக்கம் நேயர்களே. மார்ச் நடுப்பகுதி வந்துவிட்டது, பின்வளவில் பனி அங்கங்கே அழுக்காகக் கிடக்கிறது, ஒருநாள் 12 பாகை வெயில் எறித்தால் போதும், கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களில் இருக்கிற நம்மவர்களுக்குக் கை துருதுருக்கத் தொடங்கிவிடும். வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, இந்த வருடம்தான் முதன்முதலாகத் தோட்டம் போடப்போகிறவர்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லித்தான் வந்தேன். பழைய ஆட்கள் கேட்டுவிட்டு "இது எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள், பரவாயில்லை.

இந்த ஊரில் தோட்டத்துக்கு நாள் குறிப்பது பகல் வெயில் இல்லை, இரவுக் குளிரும் மண்ணின் சூடும்தான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏப்ரலில் பகல் 20 பாகை இருக்கும், சேட்டோடு வெளியில் நிற்கலாம், அன்று இரவே பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ரொறன்ரோவில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் பாதியில்தான் முடிகிறது, நகரத்தை விட்டு வடக்கே போகப்போக இன்னும் பிந்தும். 2012 மார்ச்சில் இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கோடை மாதிரி வெயில் அடித்தது, ஒன்ராறியோவின் அப்பிள் மரங்கள் எல்லாம் கிழமைக்கணக்கில் முந்திப் பூத்துவிட்டன, ஏப்ரலில் உறைபனி வந்தது, அந்த வருட அப்பிள் விளைச்சலில் கிட்டத்தட்ட 80 வீதம் போய்விட்டது. இந்த மண்ணிலேயே வேர்விட்டு நிற்கிற மரமே ஏமாறும்போது, ஊரிலிருந்து வந்த நம்முடைய கத்தரியும் மிளகாயும் எம்மாத்திரம்!

அதனால் இங்கே விக்டோரியா நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுவதுதான் வழக்கம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வருகிற விடுமுறை நாள் அது. மிளகாய் அதற்கு எட்டுப் பத்துக் கிழமைக்கு முன் வீட்டுக்குள் விதைக்க வேண்டும், கத்தரி எட்டுக் கிழமை, தக்காளி ஆறு கிழமை போதும். பாகல், புடோல், பீர்க்கு போன்ற கொடிகளுக்கு மூன்று நான்கு கிழமைக்கு மேல் வேண்டாம், அவை வீட்டுக்குள் கிடந்து நீண்டு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பெரும் கரைச்சல் தரும். கோயம்புத்தூர் மொட்டைமாடித் தோட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து விதைக்கிற ஆட்கள் கனபேர் இருக்கிறார்கள், நல்ல வீடியோக்கள்தான், கன்று கட்டுவதையும் பந்தல் போடுவதையும் அதில் பார்த்துப் பழகலாம், ஆனால் அவர்களுடைய மாதக்கணக்கு நமக்கு உதவாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அங்கே சரி, இங்கே ஆடியில் கத்தரி பூத்துக் காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டும், அக்டோபரில் உறைபனி திரும்ப வந்துவிடும்.

ஆக, இப்போது கையில் எடுக்க வேண்டியது மிளகாய் விதை. மிளகாய் முளைக்க மண் 25 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது, குளிர்ந்த நிலவறையில் வைத்துவிட்டு "விதை பழுது" என்று கடைக்காரரைத் திட்டக்கூடாது. வீட்டில் சூடான இடம் எதுவோ அங்கே வையுங்கள், முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள், தெற்கு யன்னல் கொஞ்சம் உதவும், ஆனால் மார்ச் மாத யன்னல் வெளிச்சம் போதாது, கன்று வெளிறி நூல்போல நீண்டு ஒருபக்கம் சாயும். சாதாரண எல்ஈடி குழல்விளக்கு ஒன்றைக் கன்றுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிட்டால் கன்று கட்டையாக, தண்டு தடித்து வரும். தண்ணீர் விடுகிற விஷயத்தில் நம்மவர்களுக்குக் கை கொஞ்சம் தாராளம். மேல்மண் காயாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் நேற்று நிமிர்ந்து நின்ற கன்று இன்று அடித்தண்டு கறுத்து மெலிந்து படுத்துவிடும், அது பூஞ்சணம், வந்தபின் மருந்து கிடையாது. மேல்மண்ணைத் தொட்டுப்பார்த்து, காய்ந்த பிறகு தட்டில் தண்ணீர் விட்டு அடியால் உறிஞ்ச விடுங்கள்.

பாகல் விதைக்கு வேறு கவனம் வேண்டும். அதன் ஓடு தடிப்பு. நகவெட்டியால் நுனிப்பக்கம் மெல்லக் கடித்து, ஓடு மட்டும் விரியப் பண்ணி, ஒரு இரவு வெந்நீர் ஆறிய பதத்தில் ஊறவிட்டு, ஈரமான கடதாசித் துவாயில் சுற்றி சூடான இடத்தில் வைத்தால், வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அப்போது கடதாசிக் கோப்பையில் ஊன்றுங்கள், பிறகு கோப்பையின் அடியைக் கிழித்து அப்படியே மண்ணில் வைக்கலாம், கொடிகளுக்கு வேரைக் குழப்பினால் பிடிக்காது.

இதெல்லாம் பெரிய வேலை, நேரமில்லை என்கிறவர்கள் மே மாதத்தில் தமிழ்க்கடை வாசல்களில் வைக்கிற கன்றுகளை வாங்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. முதல் வருடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். வாங்கும்போது பூவும் காயுமாக நிற்கிறதை எடுக்காமல், கட்டையாக, பச்சை கறுத்து நிற்கிறதை எடுங்கள். ஊருக்குப் போனவர்கள் விதையோ கறிவேப்பிலைக் கன்றோ கொண்டுவருகிற கதையும் இருக்கிறது, விமான நிலையத்தில் தாவரம், விதை எதுவென்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவருகிற வேலை வேண்டாம்.

சரி, மே வரை வெளியே ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும். குளிரை விரும்புகிற பயிர்கள் இருக்கின்றன. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, ஸ்பினாச், பட்டாணி இவற்றையெல்லாம் மண் இளகிய உடனே, ஏப்ரல் நடுவில் நேரடியாக வெளியே தூவலாம், இலேசான உறைபனி இவற்றை ஒன்றும் செய்யாது. சமையலறையில் இருக்கிற வெந்தயமே போதும், தனியாக விதை வாங்கத் தேவையில்லை. கொத்தமல்லி ஜூன் வெப்பத்தில் பூத்து முடிந்துவிடும், ஆகவே அதை முந்திப் போடுகிறவர்தான் கெட்டிக்காரர். தண்டுக்கீரையும் பசளியும் இதற்கு நேர்மாறு, சூடு வந்த பிறகுதான் அவற்றுக்கு உயிரே வரும்.

இடம் தெரிவு செய்யும்போது ஒரு சூட்சுமம். ஏப்ரலில் வளவு முழுக்க வெயிலாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்து வீட்டு மேப்பிளில் இலை இல்லை. ஜூனில் அதே இடம் நிழல். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் நேரடி வெயில் வேண்டும், ஆகவே போன கோடையில் பிள்ளைகள் பின்வளவில் விளையாடிய படங்கள் தொலைபேசியில் இருந்தால் எடுத்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கறுப்பு வால்நட் மரம் கிட்ட இருந்தால் தள்ளிப்போங்கள், அதன் வேரிலிருந்து வருகிற நஞ்சு தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட்டிவிடும், நீங்கள் என்ன பசளை போட்டாலும் சரிவராது.

இங்கே பல இடங்களில் மண் களிமண். ஈரமாக இருக்கும்போது கொத்தினால் காய்ந்தபின் செங்கல். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே நின்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். களியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் பலகை அடித்து உயர்த்திய பாத்தி நல்லது. 4 அடி அகலம், 8 அடி நீளம், 1 அடி உயரம் என்றால் 32 கன அடி மண் வேண்டும், ஒரு கன யார் என்பது 27 கன அடி, ஆகவே ஒரு யாருக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்படும். 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், நடுவுக்குக் கை எட்டாது. வீட்டோடு ஒட்டிய பழைய மரத்தளத்தை (டெக்) உடைத்த பலகையைப் பயன்படுத்துகிறவர்கள் கவனம், 2004க்கு முந்தி விற்ற பச்சை நிறப் பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கலாம். மாநகரசபை வசந்தகாலத்தில் இலவசமாகக் கம்போஸ்ட் கொடுக்கிற நாட்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், சாக்கும் சவளும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டிவரும்.

பந்தலுக்குக் கால் ஊன்றக் குழி தோண்டுவதென்றால் முதலில் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அழையுங்கள். நிலத்தடியில் எரிவாயுக் குழாய் எங்கே, மின்கம்பி எங்கே என்று குறித்துத் தருவார்கள், காசு கேட்க மாட்டார்கள், ஆனால் சில நாட்கள் எடுக்கும். இதைச் செய்யாமல் கடப்பாரையோடு இறங்குகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை ஒரேயடியாக வெளியே நடக்கூடாது. முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்தநாள் இரண்டு, பிறகு கொஞ்சம் வெயில் என்று ஒரு கிழமை பத்து நாள் பழக்க வேண்டும், இல்லையென்றால் இலை வெள்ளையாக வெந்துபோகும். இரவு 10 பாகைக்குக் கீழே போகாத காலம் வந்த பிறகு தக்காளி, மிளகாயை நடுங்கள், கத்தரிக்கும் வெண்டிக்கும் பாகலுக்கும் இன்னும் சூடு வேண்டும், மே கடைசி, ஜூன் முதல் கிழமை என்றாலும் தவறில்லை. குளிர்மண்ணில் முந்தி நட்ட கத்தரி அசையாமல் அப்படியே நிற்கும், பிந்தி சூட்டில் நட்டது அதை முந்திக்கொண்டு போகும்.

கொடியில் பூ நிறைய, காய் ஒன்றுமில்லை என்ற முறைப்பாடு ஜூலையில் வரும். முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, பதற வேண்டாம். பெண்பூவுக்குக் கீழே குட்டிக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தவுடன் தெரியும். பாகல் காலையில் விரியும், தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். புடோல் பூ பொழுதுபட்ட பிறகு விரியும், வெள்ளை நூலாகச் சடைத்துக்கொண்டு, ஊரில் அந்துப்பூச்சிகள் செய்கிற வேலையை இங்கே நீங்கள் டோர்ச்சோடு போய்ச் செய்ய வேண்டியிருக்கும், ஆண்பூவைக் கிள்ளி பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் சரி. பக்கத்து வீட்டார் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், காய் வந்ததும் ஒன்றைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

அவரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஊர்க்கொடி அவரையும் சிறகவரையும் இங்கே பந்தல் நிறையப் படரும், இலை தளதளவென்று இருக்கும், பூக்காது. பசளை குறைவென்று இன்னும் போடுவார்கள், இலைதான் இன்னும் கூடும். காரணம் பகலின் நீளம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தைச் சுற்றியே இருக்கும், ரொறன்ரோவில் ஜூனில் 15 மணித்தியாலத்துக்கு மேல். இந்தச் செடிகளில் பல, பகல் குறுகினால்தான் பூப்போம் என்று இருக்கிற ரகம், செப்டம்பரில் பகல் குறுகிப் பூ எடுக்கும்போது குளிர் வந்துவிடும். ஆகவே அந்தப் பந்தலைப் பயற்றங்காய்க்குக் கொடுங்கள், அல்லது கட்டை அவரை ரகம் தேடி வாங்குங்கள்.

பூச்சிக்கு ஸ்பிறே கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளை வீட்டுத்தோட்டத்துக்கு அடிக்கத் தடை. கத்தரி இலையைத் திருப்பிப் பாருங்கள், செம்மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நிமிர்ந்து நின்றால் உருளைக்கிழங்கு வண்டு, விரலால் நசுக்கிவிடுங்கள், கிழமைக்கு இரண்டுதரம் பார்த்தாலே அடங்கும். அணிலுக்கும் முயலுக்கும் கோழிவலைதான், புதிதாக நட்ட கன்றைச் சுற்றி முதல் இரண்டு கிழமையாவது கட்டி வையுங்கள்.

முதல் வருடம் ஒரு பாத்தி போதும், அதில் தக்காளி இரண்டு, கத்தரி இரண்டு, மிளகாய் மூன்று, ஓரத்தில் கீரை, வேலியில் ஒரு பாகல். அதைச் சாப்பிட்டு முடிக்கவே ஓகஸ்ட்டில் ஆள் தேடுவீர்கள். மிளகாய் விதையை மட்டும் இந்தக் கிழமை போட்டுவிடுங்கள், இன்னும் தள்ளினால் கடைக்கன்றுதான். வணக்கம்.