சிபிலிஸ் பாசிட்டிவ்னு வந்தா துணைகிட்ட எப்படிச் சொல்றது?

[திரையில்: லேப் ரிப்போர்ட். வி.டி.ஆர்.எல். – ரியாக்டிவ்]

கர்ப்பம்னு தெரிஞ்சதும் ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுக்குற ரத்த டெஸ்ட்டுகள்ல வி.டி.ஆர்.எல்.லும் ஒண்ணு. உடலுறவு மூலமா பரவுற சிபிலிஸ் நோய் இருக்கான்னு பார்க்குறது. பல பெண்கள் இந்த நோயோட பேரையே அங்கதான் முதல்ல கேள்விப்படுறாங்க. ரிசல்ட் ரியாக்டிவ்னு, அதாவது நோய் இருக்கலாம்னு வந்தா, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்லி அனுப்புவாங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என்ன யோசிக்கணும்? அதுதான் இந்த வீடியோ.

வி.டி.ஆர்.எல். மட்டும் போதாது. வேற நோய்களாலயும், சில சமயம் கர்ப்பத்தாலயும்கூட அது தப்பா ரியாக்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ. மாதிரி இன்னொரு டெஸ்ட்ல உறுதி பண்ணணும். ஆனா குழந்தைக்கு ஆபத்துங்கறதால, கர்ப்பிணிக்கு அதுவரைக்கும் காத்திருக்காம பென்சிலின் ஊசியை ஆரம்பிச்சிடுவாங்க.

உறுதியாச்சுன்னா வீட்ல வர்ற முதல் கேள்வி, "யார்கிட்டருந்து வந்துச்சு?" எந்த டெஸ்ட்டாலயும் அதுக்குப் பதில் சொல்ல முடியாது. சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரத்துல தானா ஆறிடும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால்ல தடிப்பு வரலாம். அதுவும் மறைஞ்சிடும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒரு அறிகுறியும் இல்லாம ரத்தத்துல இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வந்திருக்கலாம். அதனால விசாரணையா ஆரம்பிக்காதீங்க, பாவமன்னிப்பாவும் ஆரம்பிக்காதீங்க. இப்படிச் சொல்லலாம்:

"ஏங்க, எனக்கு ரத்தத்துல ஒரு தொற்று இருக்காம். பேரு சிபிலிஸ். பென்சிலின் ஊசி போட்டா குணமாயிடும். உங்களுக்கும் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. இல்லன்னா குழந்தைக்கு ஆபத்தாம். நாளைக்குக் காலையிலயே ரெண்டு பேரும் போயிடுவோம்."

நோய், மருந்து, நாளைக்குப் போறது. அன்னைக்கு இவ்வளவுதான். மத்ததைப் பேசணும்னா ஊசி போட்ட பிறகு பேசிக்கலாம்.

[திரையில்: 3 மாதம் – 6 மாதம் – 1 வருடம்]

கல்யாணம் ஆகாதவங்க, பழைய துணை இருக்குறவங்க எவ்வளவு தூரம் பின்னாடி போய்ச் சொல்லணும்? புண் இருக்கும்போது கண்டுபிடிச்சா, அது வந்ததுக்கு முந்தின 3 மாசம். தடிப்பு வந்திருந்தா 6 மாசம். அறிகுறி இல்லாம, கடந்த 1 வருஷத்துக்குள்ள வந்த தொற்றுன்னா அந்த 1 வருஷம். எப்போ வந்ததுன்னே தெரியலன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. கடந்த 90 நாள்ல உறவு வெச்சிருந்தவங்களுக்கு டெஸ்ட் நெகட்டிவ்னாலும் ஊசி போடுவாங்க. தொற்று ரத்தத்துல தெரியவே நாளாகும்.

பழைய ஆளுக்கு ஒரு போன் போதும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல மட்டும் அனுப்பாதீங்க, அது எங்கெல்லாம் சுத்தும்னு உங்க கையில இல்ல.

சொன்னா அடிப்பார், வெளியே தள்ளிடுவார்னு பயமா? அப்போ தனியா சொல்லாதீங்க. அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவுலயோ எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆலோசனையும் தர்ற நம்பிக்கை மையத்துலயோ இருக்குற ஆலோசகர்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. எச்.ஐ.வி.க்கு 2017-ல வந்த சட்டம், அடி, உதை, கைவிடல்னு நியாயமான பயம் இருக்குற இடத்துல டாக்டரோ ஆலோசகரோ துணைக்குத் தகவல் சொல்லக் கூடாதுன்னே சொல்லுது. நம்மூருக்கு ரொம்ப அவசியமான பிரிவு அது. சிபிலிஸுக்கு அந்தச் சட்டம் இல்லன்னாலும், நல்ல ஆலோசகர் அதே கவனத்தோடதான் நடந்துப்பார்.

புதுசா வந்த தொற்றுன்னா 24 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின் ஒரே தடவை. பழசுன்னாலோ காலம் தெரியலன்னாலோ வாரம் ஒண்ணா மூணு வாரம். பென்சிலின் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ரெண்டு பேருக்கும் சிகிச்சை முடிஞ்சு டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் உடலுறவு வேண்டாம். ஒருத்தர் மட்டும் ஊசி போட்டா திரும்பவும் தொத்திக்கும். ஊசி போட்ட சீட்டைப் பத்திரமா வெச்சிருங்க. ஏன்னா, குணமான பிறகும் டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாவே காட்டும்.