ஒரு நிமிட ஓட்டம், நூறு சொல் எழுத்து

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் அம்மாக்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களே, வணக்கம்.

பிள்ளை பெற்றவர் ஓட்டத்துக்கும் எழுத்துக்கும் திரும்பும்போது விட்ட இடத்தில் தொடர்வதா, அடியிலிருந்து தொடங்குவதா? அடியிலிருந்துதான் என்று சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2007 ஜனவரியில் குழந்தை, நவம்பரில் நியூயார்க் மாரத்தான் வெற்றி. அரங்கமே கைதட்டியது. இடையில் இருந்த மாதங்களை மட்டும் ஐயா தாண்டிப் போய்விட்டார். பிரசவமாகி இரண்டு வாரம் முடிவதற்குள் ஓடத் தொடங்கிய அவருக்கு முதுகின் அடி எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல், ஏற்பட்டது. ஓட்டத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்கித்தான் நியூயார்க் போனார். ஐயா, அவர் எங்கள் சாட்சி!

உடம்புக்கு ஞாபகம் உண்டு என்றார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லா உறுப்புக்கும் ஒரே வேகத்தில் ஞாபகம் வருவதில்லை. பழைய ஓட்டக்காரருக்கு மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் எலும்பும் பழைய சுமைக்குப் பழக மாதங்கள் ஆகும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பின் கால்சியம் வேறு குறைந்திருக்கும். பால் மறந்த பிறகுதான் அது மீளும். அதாவது, "இன்னும் ஒரு சுற்று ஓடலாம்" என்று நுரையீரல் சொல்கிற அன்றைக்குத்தான் கால் எலும்பு உடையும்.

அறுவைப் பிரசவம் என்றால் இன்னும் கவனம். ஆறு வாரத்தில் வெளித்தையல் ஆறிவிடும். உள்ளே வயிற்றுச் சுவரின் உறை அப்போது பழைய வலுவில் ஏறக்குறைய பாதிக்குத்தான் வந்திருக்கும். வயிற்றைச் சுற்றித் துணி கட்டினால் பிடிமானம் கிடைக்கும், சரி. அந்த உறை அதனால் சீக்கிரம் ஒட்டிவிடாது.

அடியிலிருந்து என்றால் எந்த அடி? பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. அதற்குப் பிறகும் தேர்வு உண்டு. 30 நிமிடம் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் 10 முறை பாதி உட்கார்ந்து எழ வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட வேண்டும். பிறகு ஒவ்வொரு காலிலும் 10 முறை குதிக்க வேண்டும். இவற்றில் எதிலாவது சிறுநீர் சொட்டினாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோல் கனத்தாலோ, வலித்தாலோ அன்று ஓட்டம் கிடையாது. "பிள்ளை பெத்தா அப்படித்தான், தும்மினா சொட்டத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்வார்கள். பலருக்கு நடப்பதுதான், அதற்காக விட்டுவிட வேண்டியதல்ல. சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவதுபோல் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை உள்ளிழுத்து 10 விநாடி வரை பிடித்துத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் பலன் இல்லை. பலரும் தவறுவது இங்கேதான். சில வாரம் செய்தும் நிற்கவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம் போக வேண்டும்.

தேறியவருக்கு முதல் வாரம்: 5 நிமிட நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி எட்டு முறை. வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், மார்பு கனக்காது. இறுக்கமான உள்ளாடையை வந்ததும் கழற்றுங்கள். நெடுநேரம் இருந்தால் பால் கட்டும். பழைய ஷூவை நம்பாதீர்கள். கர்ப்பத்தில் பாதம் நீண்டு, அப்படியே நின்றுவிடுவது உண்டு. விரல் நுனிக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் அந்த ஷூ உங்களுடையது இல்லை.

மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறை என்று எண்ணி வேகத்தைக் கூட்டுகிறவர்கள் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தருவது இதற்காகத்தான். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிப் பயனில்லை.

எழுத்துக்கு எலும்பு இல்லையே, அதையாவது விட்ட இடத்தில் தொடரலாமே என்றார் எதிரணி அம்மையார். அம்மா, பாதியில் நின்ற நாவலைத் திறப்பவர் என்ன செய்கிறார்? முதல் அத்தியாயத்தைத் திருத்துகிறார். மறுநாளும் அதையேதான். இரண்டு மணிக்கு ஒருமுறை விழிக்கும் தலைக்குப் பத்துப் பாத்திரங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஒரு பத்தியைப் பிடிக்கும். அதனால் பழைய கோப்பு மூடியே இருக்கட்டும். 15 நிமிடம், நூறு சொல், புதிதாக ஏதாவது. பால் கொடுக்கும்போது கை கிடைக்காது, வாய் சும்மாதானே இருக்கிறது? போனில் பேசிப் பதியுங்கள். முடிக்கும்போது அடுத்து வர வேண்டியதை அரை வரியில் குறித்து வையுங்கள். நாளைய 15 நிமிடத்தில் பத்து, தேடுவதிலேயே போகாது. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன், தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது விடியுமுன் எழுதினார். நம் கவிஞர் சல்மா திருமணத்துக்குப் பின் இரவில் ஒளிந்து, கிடைத்த துண்டுத்தாள்களில் எழுதினார். கிடைத்த அளவுக்குள்தான் இருவரும் எழுதினார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ஓடும் நாளில் குழந்தை தூங்கினால் நீங்களும் தூங்குங்கள். எழுத்து ஓடாத நாளுக்கு. 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரத்தில் ஓட்டத்தையும் சொற்களையும் பாதியாக்குங்கள். கட்டி வைத்த அட்டவணை குலைவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த மேடையில் ஒற்றைக் காலில் பத்து முறை குதித்துக் காட்டட்டும். அப்புறம் பேசட்டும்.