பரீட்சை டொச்சும் தபால்பெட்டி டொச்சும்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, வெளிநாடு போக ஆயத்தமாகும் பிள்ளைகளே, வணக்கம்.

ஜேர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போவதற்குப் பெரும்பாலும் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஏ1 என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் வேண்டும் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பேச்சு 15. நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி. எழுத்தில் ஒரு படிவத்தை நிரப்பி, முப்பது சொல் அளவில் ஒரு கடிதம். பேச்சில் தன்னை அறிமுகப்படுத்தி, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி, ஓர் இலக்கத்தையும் சொல்லவேண்டும். மனப்பாடம் செய்தே பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டட்டும். பெறுபேறு வந்த அன்றே புத்தகத்தை மூடிவிடுகிறார்களே, அங்கேதான் கோளாறு.

கடையில் கையைக் காட்டிச் சாமான் வாங்கலாம், பஸ்ஸில் இலக்கத்தைப் பார்த்து ஏறலாம். தபால்பெட்டிக்குள் விழும் கடிதத்துக்கு என்ன செய்வது? குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். பதிந்த கையோடு வரி இலக்கம், காப்புறுதி, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் என்று கடிதங்கள் வரத் தொடங்கும். அவற்றுள் மஞ்சள் உறை ஒன்று, அதாவது சட்டப்படி சேர்ப்பிக்கும் அரச கடிதம், வந்தால் மற்ற வேலையை நிறுத்துங்கள். அதைப் பெட்டியில் போட்ட திகதியைத் தபாற்காரர் உறையின்மேல் எழுதியிருப்பார். கெடு அன்றிலிருந்து ஓடும். நீங்கள் எப்போது பிரித்தீர்கள், யார் எப்போது வாசித்துச் சொன்னார் என்பதெல்லாம் கணக்கில்லை. அரச அலுவலகத் தீர்மானத்தை ஆட்சேபிக்க வழக்கமாக 1 மாதம், தண்டப்பண அறிவித்தலுக்கு 2 கிழமை. ஆகவே உறையை எறியாமல் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். "சனிக்கிழமை அண்ணை வருவார், காட்டுவம்" என்று குசினியில் வைத்த கடிதங்களில்தான் கெடு தீர்ந்துபோகிறது.

விளங்காத மொழியில் அரசாங்கக் கடிதம் வருவது கொழும்புத் தமிழருக்குப் புதிதல்ல. தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பில் ஏறிய பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டுச் சிங்களவர் வாசித்துச் சொல்வார். பிந்தினாலும் ஆளைப் பிடித்துச் சரிக்கட்டலாம். அங்கே அந்த வழி கிடையாது.

கடிதம் வாசிக்க முழு டொச்சும் தேவையில்லை. அனுப்பியது யார், கோவை இலக்கம் என்ன, எந்தத் திகதிக்குள், எவ்வளவு பணம் என்று தேடுங்கள். எங்கே, எப்படி ஆட்சேபிப்பது என்பது வழக்கமாகக் கடைசிப் பந்தியில் இருக்கும். அதைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

இலக்கங்களை இங்கேயே பழகுங்கள். 53ஐ டொச்சில் மூன்றை முன்னும் ஐம்பதைப் பின்னுமாகச் சொல்வார்கள். கேட்ட ஒழுங்கில் எழுதினால் 35 ஆகிவிடும். நேரத்திலும் பொறி உண்டு: "அரை மூன்று" என்றால் இரண்டரை மணி. மூன்றரைக்குப் போய் நின்றால் வைத்தியர் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத, நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தமிழருக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. டொச்சின் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும், நாம் பேசுவது மாதிரியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பிக்கும் ரியூட்டரிகள்தான் அதைப் பெரிய கண்டமாக்கி வைத்திருக்கின்றன.

சுவிஸ் போகிறவர்கள் படிப்பது எழுத்து டொச். சூரிச்சில் காதில் விழுவது வேறு, அது சுவிஸ் பேச்சு டொச். எழுத்து டொச்சில் சொல்லச் சொல்லிக் கேட்டால் மாற்றிப் பேசுவார்கள். ஜெனீவா போகிறவருக்குப் பிரெஞ்சு வேண்டும் என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

பெயர் விவகாரத்தைக் கொழும்பிலேயே முடியுங்கள். ஞானசேகரம் என்ற பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் பிறப்பு அத்தாட்சிப் பத்திர மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாகவும் இருந்தால், அங்குள்ள அலுவலருக்கு அது இரண்டு ஆட்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலைக் கேளுங்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தால் வைத்தியசாலையில் அதைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு எழும்பப் பழகுங்கள்.

ஜேர்மனியில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு வழமையாக 600 பாடவேளை மொழியும் 100 பாடவேளை நாட்டறிவும். உணவக வேலை கிடைத்தவுடன் பலர் அதைக் கைவிடுகிறார்கள். பிறகு வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் பிள்ளைதான். தாயின் கருப்பை நோயைப் பத்து வயதுப் பையன் வைத்தியருக்கு எப்படிச் சொல்வான்? பாதியை விழுங்கிவிடுவான். தன்மேல் ஆசிரியர் சொல்லும் முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை எதை விட்டுவிடும் என்பது உங்களுக்கே தெரியும். நோர்வேயில் அரச நிறுவனங்கள் பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம், அவசர நிலை போன்ற சில விலக்குகளோடு, தடுக்கிறது. ஜேர்மனியின் பொது மருத்துவக் காப்புறுதி மொழிபெயர்ப்பாளருக்கு வழமையாகப் பணம் தருவதில்லை. அதனால் வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்க்க ஆள் ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள். நோய், குடிக்கும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமை எல்லாவற்றையும் டொச்சில் எழுதிய ஒரு தாளைக் கையில் கொண்டுபோங்கள்.