ஆயிரம் தடவை ஒரே கோப்பை

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண ஆல்பத்தில் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளிறிப்போய், ஒரு மடிப்புகூடத் தெரியாது. வேட்டி நன்றாக விழுந்த படத்திலோ, பக்கத்தில் நிற்பவரின் கறுப்புக் கோட்டு கரிக்கட்டையாகிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் நிறுத்துவதுதான் பாடு. அந்தப் பாட்டை ஒரு கோடை முழுக்கப் பட்டவர் படப்பிடிப்பாளர் எட்வர்ட் ஸ்டைக்கன்.

1879-இல் லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். பனி மூடினாற்போல மங்கலாகப் படமெடுத்துத்தான் முதலில் பேர் வாங்கினார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்காக விமானப் படப்பிடிப்பு வேலை. மேலேயிருந்து எடுத்த படத்தில் பதுங்குகுழி மங்கலாகத் தெரிந்தால் யாருக்கு என்ன பயன்? போர் முடிந்ததும் பிரான்சில் வூலாஞ்சி கிராமத்து வீட்டில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு சாசர், பின்னால் கறுப்பு வெல்வெட். ஆயிரம் தடவைக்கு மேல் எடுத்தார். ஆமாம், அதே கோப்பையைத்தான்!

ஏன் கோப்பை? ஏமாற்ற முடியாத பொருள் அது. ஒளி கூடினால் விளிம்பும் வளைவும் கரைந்து வெள்ளைப் பொட்டாகும். குறைந்தால் வெல்வெட் வெறும் இருட்டு. படச்சுருளோ கண்ணாடித் தகடோ, கறுப்புப் பகுதியின் விவரம் எவ்வளவு ஒளி விட்டோம் என்பதில் இருக்கிறது. வெள்ளையின் விவரம், படம் கழுவும் மருந்தான டெவலப்பரில் அது எவ்வளவு நேரம் கிடந்தது என்பதில். அதனால் கறுப்புக்குப் போதுமான ஒளி கொடுத்துவிட்டு, வெள்ளை முற்றும் முன்னே வெளியே எடுக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: கறுப்புக்கு ஒளி, வெள்ளைக்கு டெவலப்பர். முகம், முத்துமாலை, சாட்டின் உடுப்பு எல்லாம் இந்தக் கோப்பையின் சொந்தக்காரர்கள்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. பழங்களைப் போர்வைக் கூடாரத்துக்குள் வைத்து, லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, ஒரே படத்துக்கு ஏறக்குறைய 36 மணி நேரம் ஒளி விட்டார். இரவுக் குளிரில் கேமராவும் பொருள்களும் சுருங்கின, பகலில் விரிந்தன. அசைந்தால் கெட்டுப்போகும் என்போம். இங்கே அந்த மயிரிழை அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பழத்துக்குக் கனம் கொடுத்துவிட்டன.

1923-இல் காண்டே நாஸ்ட் பத்திரிகை நிறுவனத்தின் தலைமைப் படப்பிடிப்பாளரானார். அதுவரை பகல் வெளிச்சத்திலேயே பழகியவருக்கு ஸ்டுடியோ மின்விளக்கு புதிது. கேட்ட முதல் சாமான் படுக்கை விரிப்பு! நேராக அடிக்கும் விளக்கு மூக்கின் கீழே கத்திபோல் நிழல் போடும். வெள்ளைத் துணியை நடுவில் கட்டினால் ஒளி துணி முழுக்கப் பரவும், நிழலின் ஓரம் கரையும். ஆனால் வெளிச்சமும் குறையும், ஒளி விடும் நேரம் நீளும், அசையாமல் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1911-இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் பொய்ரேயின் உடுப்புகளை ஸ்டைக்கன் எடுத்த படங்களைப் பற்றிப் பேச நேரமில்லை. 1924-இல் எடுத்த ஹாலிவுட் நடிகை குளோரியா ஸ்வான்சன் படம் மட்டும். முகத்துக்கு முன்னே கறுப்பு லேஸ். அதைத் தள்ளித் தொங்கவிட்டால், கண் கூராக வரும்போது லேஸ் புகையாகிவிடும். ஒட்டித் தொங்கவிட்டால் பூவேலை தோலில் பச்சை குத்தியதுபோலாகும். அந்தப் படம் எங்காவது கண்ணில் பட்டால், முதலில் லேஸின் நூலைப் பாருங்கள், பிறகு கண்ணை. வணக்கம்.